பின்கதவைத் தட்டிய பையன்கள்

1978ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடக்கே உள்ள லீட்ஸ் நகரத்திலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் பஸ் ஏறி ஹாரோகேட் என்ற ஊருக்குப் போனான். வசதி படைத்தவர்கள் வந்து தங்கிப்போகும் ஊர் அது. தெருவுக்குத் தெரு பெரிய ஹோட்டல்கள். பையனிடம் பள்ளிச் சான்றிதழ் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. எழுத்துகள் அவன் கண்ணுக்கு முன்னும் பின்னும் புரண்டு தெரியும். வகுப்பில் கடைசியாகவே இருந்து பழகியவன். அவனுடைய அப்பா சொல்லி அனுப்பிய வழி ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு ஹோட்டலாகப் போ, சமையலறைக் கதவைத் தட்டு, வேலை இருக்கிறதா என்று கேள். செயின்ட் ஜார்ஜ் என்ற ஹோட்டலில் கதவைத் திறந்தவர்கள் அவனை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பையன் மார்க்கோ பியர் ஒயிட். 1995இல், முப்பத்து மூன்று வயதில், உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷெலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களையும் பெற்ற முதல் பிரிட்டிஷ் சமையற்கலைஞர் ஆனார். அதுவரைக்கும் உலகத்தில் எவரும் அத்தனை இளம் வயதில் அதைப் பெற்றதில்லை. ஒரு நட்சத்திரம் என்றால் அந்த வழியாகப் போகும்போது நின்று சாப்பிடலாம். இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம். மூன்று என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே பயணம் கிளம்பலாம் என்பது மிஷெலின் கணக்கு.

பின்கதவைத் தட்டிய இன்னொரு பையனையும் எனக்குத் தெரியும். என் அப்பா. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். அப்பாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது பாட்டி பிரசவத்தில் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது, அதுதான் என் அத்தை. பால் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது என்று போடியில் இருந்த உறவினர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாத்தா அதன் பிறகு வீடு தங்கவில்லை. பதினொரு வயதில் அப்பா மதுரைக்கு வந்து ஒரு ஹோட்டலின் பின்பக்கம் போய் நின்றார். தட்டு கழுவினார், மாவு அரைத்தார், விறகு தள்ளினார். முப்பது வயதுக்குள் சரக்கு மாஸ்டர் ஆனார். நான் பிறந்ததிலிருந்து அவரை அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து போகிறவராகத்தான் பார்த்திருக்கிறேன்.

மார்க்கோவின் சுயசரிதையை நான் படிக்க எடுத்தது சமையல் குறிப்புக்காகவோ பிரபலங்களின் கதைக்காகவோ அல்ல. நானும் கேட்டரிங் படித்து, ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் நான்கு ஆண்டுகள் நின்றவன். அங்கே தலைமைச் சமையற்காரராக இருந்தவர் சூடான கரண்டியை என் முழங்கையில் வைத்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்த மூத்தவர் ஒருவர், 'அவர் சின்ன வயதில் ரொம்பக் கஷ்டப்பட்டவர், அதனால்தான் இப்படி' என்றார். அந்த 'அதனால்தான்' என்ற சொல் பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. கஷ்டப்பட்டவர் அப்படித்தான் ஆவாரா? என் அப்பாவும் கஷ்டப்பட்டவர்தானே?

மார்க்கோவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவருடைய அம்மா மரியா ரோசா, இத்தாலியின் வெனெட்டோ பகுதியிலிருந்து வந்தவர். அப்பா ஃபிராங்க், லீட்ஸ்காரர், அவரும் சமையற்காரர்தான். நான்கு பையன்களில் மார்க்கோ மூன்றாவது. 1968 பிப்ரவரியில், நான்காவது பையன் பிறந்து சில நாட்களிலேயே அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. மார்க்கோவுக்கு வயது ஆறு. அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனதை அந்தக் குழந்தை பார்த்தது. அம்மா திரும்பி வரவில்லை. பிறந்த கைக்குழந்தையை இத்தாலியில் இருந்த அம்மாவின் வீட்டார் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அவனுக்கு வேறு பெயர், வேறு மொழி, வேறு வாழ்க்கை.

இந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுபடி திறக்க இரண்டு நாட்கள் ஆயின.

மிச்சமிருந்த வீட்டில் ஒரு அப்பாவும் பையன்களும். அப்பாவுக்குச் சூதாட்டப் பழக்கம். குதிரையும் நாயும் ஓடுகிற பந்தயங்களில் பணம் போகும். அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வீடு. அறுபதுகளின் லீட்ஸில் மார்க்கோ என்ற பெயரே கேலிக்குப் போதுமானது. ஆனால் அந்தக் குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஹேர்வுட் என்ற பெரிய எஸ்டேட் இருந்தது. காடு, வயல், ஆறு. பையன் அங்கேயே கிடந்தான். மீன் பிடித்தான், பறவைகளைப் பார்த்தான், முயலின் தடத்தைத் தொடர்ந்தான். தனியாக இருக்கிற குழந்தைக்குக் கண் கூர்மையாகிவிடும். ஆற்றங்கரையில் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகியவனுக்கு, பின்னாளில் ஒரு மீன் எத்தனை நொடியில் வேகிறது என்று பார்க்கத் தனிப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். இயற்கைதான் உண்மையான கலைஞர், சமையற்காரரின் வேலை அதற்கு வழிவிடுவதுதான் என்று அவர் இன்றுவரை சொல்லிவருகிறார். ஆங்கிலத்தில் இயற்கையைத் தாய் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது நான் வேறு விதமாகக் கேட்கிறேன்.

ஹாரோகேட்டில் வேலை பார்த்தபோது ஹோட்டலில் கிடந்த உணவக வழிகாட்டி ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். பக்கத்து ஊரான இல்க்லியில் பாக்ஸ் ட்ரீ என்ற உணவகம் இருப்பது அதில்தான் தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன் அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்திருப்பான்! அங்கே போய் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு 1981இல் லண்டன். கையில் 7 பவுண்டு 36 பென்ஸ், ஒரு பெட்டிப் புத்தகம், ஒரு பை நிறையத் துணி என்று அவரே சொல்வார். ஆல்பர்ட் ரூ நடத்திய லெ கவ்ரோஷ் உணவகத்தில் சேர்ந்தார். அதன் பிறகு பியர் காஃப்மன், ரேமண்ட் பிளாங்க் என்று அந்தக் காலத்தின் பெரிய ஆசான்கள் எல்லோரிடமும் போய் நின்றார். இத்தனைக்கும் மூன்று நட்சத்திரங்களைப் பெறும்வரை அவர் பிரான்ஸ் நாட்டு மண்ணை மிதித்ததே இல்லை. பிரெஞ்சுச் சமையலின் உச்சத்தைத் தொட்டவர், அந்த நாட்டைப் பார்க்காமலே தொட்டார்.

1987இல் தெற்கு லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஹார்வீஸ் என்ற உணவகத்தைத் திறந்தார். அடுத்த ஆண்டே முதல் நட்சத்திரம். 1990இல் இரண்டாவது. அங்கே அவர் பெயர் வாங்கிய உணவுகளில் ஒன்று சிப்பிக்குள் வைத்த டாலியத்தெல்லே. மேலே மீன் முட்டை. டாலியத்தெல்லே என்பது இத்தாலிய வீடுகளின் பட்டை நூடுல்ஸ். பிரெஞ்சு முறையில் இயங்கும் ஒரு சமையலறைக்குள் அம்மாவின் நாட்டை அவர் அப்படித்தான் கூட்டிக்கொண்டு வந்தார் என்று நம்ப விரும்புகிறேன். அது என் வாசிப்பு மட்டுமே.

ஹார்வீஸின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சூடு தாங்க முடியவில்லை என்று சொன்ன ஓர் இளம் சமையற்காரரின் சட்டையையும் கால்சட்டையையும் கத்தியால் கிழித்துக் காற்றோட்டம் செய்துவிட்டார் மார்க்கோ. தவறு செய்தவர்களைக் குப்பைத்தொட்டிக்குள் உட்கார வைத்தார். பாலாடைக்கட்டித் தட்டு சரியில்லை என்று சுவரில் வீசினார். பத்திரிகைகள் இதையெல்லாம் வீரக்கதைபோல எழுதின. நீண்ட தலைமுடி, வாயில் சிகரெட், கையில் கத்தி என்று எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் ஒரு தலைமுறைச் சமையற்காரர்களின் அறைச் சுவர்களில் ஒட்டப்பட்டன. என் கேட்டரிங் கல்லூரி விடுதியில்கூட ஒருவன் ஒட்டி வைத்திருந்தான்.

அந்தப் புகைப்படங்களால் இழுக்கப்பட்டு ஹார்வீஸுக்கு வந்தவர்களில் ஒருவர் கார்டன் ராம்சே. 1966இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அவருடைய பால்யம் வேறு வகையில் கொடியது. அப்பா குடிகாரர், குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர். ஒரு வேலையிலும் நிலைக்காமல் குடும்பத்தையே ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிந்தவர். அம்மா செவிலியர். தம்பி ஹெராயின் பழக்கத்தில் விழுந்தார். கால்பந்து ஆட்டக்காரராக வேண்டும் என்ற கனவு முழங்கால் காயத்தோடு முடிந்தது. ராம்சே தன் சுயசரிதையில் இதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

குடிகார அப்பா இருக்கிற வீட்டில் வளர்ந்த குழந்தை எப்படி வளரும் என்று எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே இன்று எப்படி என்று அதற்குத் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்தே அடுத்த ஒரு மணி நேரத்தைக் கணக்கிடும். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது, எது உடையும், எதை முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைக்க வேண்டும் என்று ஓயாமல் கண்காணிக்கும். அந்தக் கண்காணிப்புக்கு ஊதியம் கொடுக்கிற இடம் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது பெரிய உணவகத்தின் சமையலறைதான். பத்து அடுப்பு, இருபது தட்டு, எந்தச் சட்டி இன்னும் பத்து நொடியில் தீய்ந்துவிடும், எந்தப் பையன் பின்தங்குகிறான், எந்த மேசைக்குத் தட்டுப் போகவில்லை என்பதெல்லாம் ஒரே நேரத்தில் காதிலும் மூக்கிலும் ஏற வேண்டும். அமைதியான வீட்டில் வளர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொள்கிற இதை, அடிவாங்கி வளர்ந்தவன் எட்டு வயதிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறான்.

அதோடு, சமையலறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கத்தி நேற்று வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கும். காலையில் வெங்காயம் உரிக்க வேண்டும் என்றால் உரித்தே ஆக வேண்டும். நீ செய்தது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரிய ஆண்டு இறுதித் தேர்வுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தட்டு காலியாகத் திரும்பி வந்தால் போதும். எழுத்து வராத மார்க்கோவுக்கும், இன்று எந்த ஊர், எந்த வீடு என்று தெரியாமல் வளர்ந்த ராம்சேவுக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று என்னால் உணர முடிகிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட அப்பா, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருகிற சத்தத்தை வைத்தே, பக்கத்து அறையில் இருந்தபடி 'கல் இன்னும் காயவில்லை' என்று குரல் கொடுப்பார்.

ஹார்வீஸில் ஒரு நாள் மார்க்கோ திட்டிய திட்டில் ராம்சே ஒரு மூலையில் உட்கார்ந்து, தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். பின்னாளில் அதைப் பற்றிக் கேட்டபோது, நான் அவரை அழ வைக்கவில்லை, அழுவது என்பது அவரே எடுத்த முடிவு என்ற பொருளில் மார்க்கோ பதில் சொன்னார். உலகம் அதை ரசித்துப் பரப்பியது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு இறுகும். அந்த மூலையில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். ஒன்று அப்பாவின் கைக்குப் பயந்து வளர்ந்தது. மற்றொன்று அம்மாவை ஏற்றிக்கொண்டு போன ஆம்புலன்ஸைப் பார்த்து நின்றது. இரண்டாவது முதலாவதை அழவிட்டது.

ராம்சே அதோடு நிற்கவில்லை. பாரிஸ் போய் கி சவோய், ஜோயல் ரோபுஷோன் ஆகியோரின் சமையலறைகளில் வேலை பார்த்தார். 1993இல் லண்டனின் ஆபர்ஜீன் உணவகத்துக்குத் தலைமையேற்றார். 1998இல் செல்சீயில் தன் பெயரிலேயே உணவகம் திறந்தார். 2001இல் அதற்கு மூன்று நட்சத்திரங்கள். பிறகு தொலைக்காட்சியில் அவர் இரைந்து திட்டுவதை உலகமே பார்த்தது. திட்டு ஒரு வியாபாரப் பொருளாகவே ஆகிவிட்டது. சென்னையில் நான் நின்ற சமையலறையில், ராம்சேவைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த மனிதர்கள் அவரைப்போலவே கத்தினார்கள். லீட்ஸில் 1968இல் இறந்த ஒரு தாயின் துக்கம் எத்தனை கைகள் மாறி என் முழங்கை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று சில இரவுகளில் யோசித்திருக்கிறேன். மிகைதான். முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

'கஷ்டப்பட்டால்தான் மேலே வர முடியும்' என்று மேடைகளில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அப்பா மதுரைக்கு வந்த ஆண்டில் அதே ஹோட்டலில் அவரோடு தட்டு கழுவிய பையன்கள் ஆறேழு பேர். எல்லோரும் பட்டினியிலிருந்து வந்தவர்கள்தான். ஒருவர் பாய்லர் வெடித்து இறந்தார். இருவர் குடியில் போனார்கள். ஒருவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. கஷ்டம்தான் ஆளை ஆக்குகிறது என்றால் அவர்களை ஏன் ஆக்கவில்லை? கரை சேர்ந்தவனை மட்டும் பேட்டி கண்டுவிட்டு, வெள்ளம் நல்ல நீச்சல் வாத்தியார் என்று எழுதுகிற கதைகள் இவை.

இந்தக் கணக்கில் எனக்கு வெளிச்சம் காட்டியவர் ஏஞ்சலா ஹார்ட்னெட். ராம்சேவின் சமையலறையிலிருந்து வந்தவர்; ஆகவே மார்க்கோவுக்கு ஒருவகையில் பேத்தி முறை. 1968இல், மார்க்கோ அம்மாவை இழந்த அதே ஆண்டில் பிறந்தவர். அப்பா அயர்லாந்துக்காரர். அம்மாவின் பக்கம் இத்தாலிய வம்சம். ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார். ஒரு பக்கம் இத்தாலியத் தாய்வழி, குழந்தைப் பருவத்திலேயே ஒரு சாவு. பார்த்தால் மார்க்கோவின் கதையேதான். ஆனால் ஏஞ்சலாவின் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எசெக்ஸில் இருந்த தன் பெற்றோரின் பக்கத்தில் போய்க் குடியேறினார். அங்கே பாட்டி இருந்தார், அத்தை சித்திகள் இருந்தார்கள். குழந்தையை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி பாஸ்தா மாவு பிசையக் கற்றுக்கொடுத்தார்கள். துக்கம் வந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை.

1994இல் அவர் ஆபர்ஜீனில் சேர்ந்தபோது, இந்தப் பெண் ஒன்றிரண்டு வாரம்கூடத் தாங்க மாட்டார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் பந்தயம் கட்டினார்கள். அவர் தாங்கினார். பல ஆண்டுகள் ராம்சேவோடு வேலை செய்தார். 2008இல் மேஃபேரில் முரானோ என்ற உணவகத்தைத் தொடங்கி, சில மாதங்களிலேயே மிஷெலின் நட்சத்திரம் பெற்றார். ஆனால் அவருடைய சமையலறையைப் பற்றி எழுதுகிறவர்கள் கத்தியையும் குப்பைத்தொட்டியையும் பற்றி எழுதுவதில்லை. வேலை செய்கிறவர்கள் அங்கே நீண்ட காலம் தங்குவதைப் பற்றியும், அவர் அவர்களை வளர்த்துவிடுவதைப் பற்றியும் எழுதுகிறார்கள். ராம்சேவிடம் வேலையைக் கற்றவர், பாட்டியிடம் வேறொன்றைக் கற்று வந்திருந்தார். இரண்டில் எதை யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இழப்பு எல்லோருக்கும் பசியைக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பசிதான் பதினாறு மணி நேரம் நிற்க வைக்கிறது. ஆனால் அப்படி மேலே வந்த மனிதர் தனக்குக் கீழே நிற்கும் பையன் பாலைக் காந்தவிட்டால் என்ன செய்கிறார் என்பது, அவர் சிறுவனாக இருந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் அவரோடு யார் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இது முழுக் கணக்கு அல்ல என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. நவீன பிரெஞ்சுச் சமையலறையை வடிவமைத்த ஒகுஸ்த் எஸ்கோஃபியே. சிற்பியாக ஆசைப்பட்ட பையனைப் பதின்மூன்று வயதில், 1859இல், நீஸ் நகரத்தில் சித்தப்பாவின் உணவகத்தில் சேர்த்துவிட்டார்கள். சித்தப்பா கண்டிப்பானவர், காதைப் பிடித்துத் திருகுகிற காலம். பையன் உயரம் குறைவு. அந்தக் காலத்து அடுப்பின் அனல் நேராக முகத்தில் அடிக்கும் என்பதால் குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்தான். அவன் பக்கத்தில் ஒரு பாட்டியும் நிற்கவில்லை. ஆனாலும் பெரியவராகி லண்டன் சவோய் ஹோட்டலின் சமையலறைக்குத் தலைவரானபோது, அங்கே இரைச்சலையும் வசவையும் குடியையும் ஒழிக்கப் பாடுபட்டார். வெக்கையில் நிற்பவர்கள் சாராயத்தைத் தேடக்கூடாது என்று பார்லித் தண்ணீர் காய்ச்சி வைத்தார். கோபம் தலைக்கேறுகிறது என்று தெரிந்தால் வெளியே போய்விட்டு, தணிந்த பிறகு உள்ளே வருவார் என்று சொல்வார்கள். தன் முகத்தில் அடித்த அனலை அவர் அடுத்தவர் முகத்தில் திருப்பவில்லை. சிலருக்கு அது வாய்க்கிறது. ஏன் வாய்க்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவுக்கு இரண்டும் நடந்தது. முதல் ஹோட்டலில் இருந்த மாஸ்டர் கரண்டிக் காம்பால் அடிப்பார். அங்கிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்த இரண்டாவது ஹோட்டலில் வயதான சரக்கு மாஸ்டர் ஒருவர். சேர்ந்த வாரமே அப்பா ஓர் அண்டா இட்லி மாவைக் கீழே கவிழ்த்துவிட்டார். விடிந்தால் முகூர்த்த நாள். ஹோட்டல் நிரம்பி வழியும். அடி விழும் என்று தலையைக் குனிந்து நின்ற பையனைப் பார்த்து அந்தப் பெரியவர் கேட்டாராம்: 'ராத்திரி சாப்பிட்டாயா?' சாப்பிடவில்லை. ஒரு தட்டில் பழைய சோறும் வெங்காயமும் வைத்துக் கொடுத்து, 'முதலில் சாப்பிடு. பிறகு ரவையை எடு. இன்றைக்கு உப்புமா என்று போர்டில் எழுதச் சொல்லலாம்' என்றாராம். அப்பா இதை என்னிடம் குறைந்தது நூறு முறை சொல்லியிருப்பார். அந்தப் பெரியவரின் ஊரைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ எதுவும் தெரியாது. அந்தத் தட்டு மட்டும் தெரியும்.

அப்பா மாஸ்டரான பிறகு அவருடைய சமையலறையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதல் ஈடு இட்லி வெந்ததும், கல்லாவில் ஆள் உட்காருவதற்கு முன்பே, தட்டு கழுவும் பையன்கள் சாப்பிட்டுவிட வேண்டும். முதலாளி ஒருவர் அதை எதிர்த்தார். அப்பா அந்த ஹோட்டலைவிட்டு வந்துவிட்டார்.

அவரை மகானாக்க நான் விரும்பவில்லை. பையன்களிடம் காட்டிய பொறுமையை வீட்டுக்குக் கொண்டுவர அவருக்குத் தெரியவில்லை. தீபாவளி, பொங்கல் ஒன்றுக்கும் வீட்டில் இருந்ததில்லை. அந்த நாட்களில்தான் ஹோட்டலில் கூட்டம். இலையில் சோற்றை மிச்சம் வைத்தேன் என்று ஏழு வயதில் என்னை அடித்தார். அது எனக்கு மறக்கவில்லை. அம்மாவிடம் நின்று பத்து வார்த்தை பேசியதைப் பார்த்ததாக நினைவில்லை. அடுப்படியில் அவருக்கு ஒருவர் கற்றுக்கொடுத்தார். வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க அவருக்கு வீடே இருக்கவில்லை. இதை நான் புரிந்துகொண்டபோது எனக்கு முப்பத்தைந்து வயது.

மார்க்கோ 1999 டிசம்பரில் ஏப்ரனைக் கழற்றி வைத்தார். முப்பத்தெட்டு வயது. மூன்று நட்சத்திரங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பிலிருந்து விலகினார். தன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் தனக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு வயதிலிருந்து யாரோ ஒருவர் 'நன்றாகச் செய்தாய்' என்று சொல்வதற்காக ஓடிக்கொண்டிருந்த ஒருவர், உலகமே அதைச் சொன்ன பிறகும் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை என்று நின்றுவிட்டதாகத்தான் அந்தப் பக்கங்களை நான் படித்தேன். அதன் பிறகு அவர் மறுபடியும் ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் போனார். மீன் பிடித்தார். அதைப் படித்தபோது அவர்மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை. சட்டை கிழிக்கப்பட்ட அந்தப் பையனுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாரல்லவா?

போன மாதம் மதுரை போயிருந்தபோது, ஒரு மாலை வேளையில் அப்பாவிடம் மார்க்கோவின் கதையைச் சொன்னேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் உட்கார்ந்து சாப்பிட வராது. தட்டைக் கையில் ஏந்தி, சமையற்கட்டு வாசலில் நின்றபடியே சாப்பிடுகிறார். லண்டனைச் சொன்னேன், நட்சத்திரங்களைச் சொன்னேன், அவற்றைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னேன். குப்பைத்தொட்டி விஷயத்தைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார். மற்றபடி எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து கேட்டார்:

'அந்தக் கைக்குழந்தை என்ன ஆயிற்று?'

'இத்தாலியில் மாமா வீட்டில் வளர்ந்ததாம் அப்பா. வேறு பெயர் வைத்து வளர்த்தார்களாம்.'

அப்பா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடமிருந்து போனை வாங்கி, போடிக்குப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். மறுமுனையில் அத்தையின் குரல் கேட்டது.

'சாப்பிட்டாயா அம்மா?' என்றார் அப்பா.